யாரும் வெட்டாத படிகள்

ஏரியாக இருந்து, பிறகு ஏரி என்ற பெயராக மட்டும் இருந்து, அதன்பின் வண்ணக் கொடிகள் நட்ட மனைப்பிரிவாகிவிட்ட மேலக்கரணையில், கீழே கார் நிறுத்த இடம் விட்டு மேலே வீடு கட்டுவதற்காகப் பறித்த பெரிய குழியில், புரட்டாசி மாதத்து ஒரு காலையில் படிகள் இருந்தன. முதல் நாள் சாயங்காலம் வரை அவை இல்லை. பொக்லைன் வந்து பறித்துப் போட்டுவிட்டுப் போனபின் ஓரம் சீவுவதும், மூலை எடுப்பதும், அடிமட்டம் பார்ப்பதும் ஆள் வேலை என்பதால், தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த மண் வேலைக்காரர்கள் பகல் முழுக்க அந்தக் குழிக்குள்தான் கிடந்தார்கள். நான்கு சுவரும் செங்குத்தாக நின்றதை அத்தனை பேரும் பார்த்திருந்தார்கள். இப்போது கிழக்குச் சுவரில் விளிம்பிலிருந்து அடிவரை மண்ணாலேயே ஆன படிகள், அடுப்பு மெழுகினாற்போல வழவழவென்று, ஒவ்வொன்றின் மேலும் ஐந்து விரல் தடத்தோடு இறங்கிப் போயின.

"யாரு வேலை இது?" என்றார் வேடியப்பன் மேஸ்திரி. ஊரிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து, கான்ட்ராக்டரிடம் அவர்களுக்காகப் பேசுவதும் அவர்களிடம் கான்ட்ராக்டருக்காகப் பேசுவதும் அவர்தான் என்பதால், எந்தப் பக்கம் திரும்பினாலும் சந்தேகத்தோடு திரும்புவது அவருக்குப் பழகிப்போயிருந்தது.

ஆச்சரியப்பட யாருக்கும் தோன்றவில்லை. கூலி வேலையில் ஆச்சரியம் என்பது மேஸ்திரி பார்க்காதபோது பட வேண்டியது; அவர் பார்க்கும்போது பட வேண்டியது பயம் மட்டும்தான். ஆகவே அவரவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார்கள், பார்க்கப்பட்டவர் அடுத்தவரைப் பார்த்தார், அந்தப் பார்வை குழியைச் சுற்றி வந்து கடைசியில் மாதம்மாளிடம் நின்றது, ஏனென்றால் மாதம்மாள் எல்லோருக்கும் முன்பே குந்தி உட்கார்ந்து முதல் படியை முகர்ந்துகொண்டிருந்தாள்.

மாதம்மாள் தாய்ப்பாலையே முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தாள் என்று அவள் ஊரில் ஒரு கேலி உண்டு. அவள் அதை மறுத்ததில்லை. கடைக்காரர் கொடுக்கும் பொட்டலத்தைக் கையில் தூக்கிப் பார்ப்பாள், பஸ் நின்றபிறகும் நின்றுவிட்டதா என்று ஒரு முறை பார்த்துத்தான் இறங்குவாள், புருஷன் சென்றாயன் ஒருநாள் காரணமில்லாமல் அரை முழம் கனகாம்பரம் வாங்கி வந்தபோது அதைத் தலையில் வைத்துக்கொள்வதற்கு முன் என்ன தப்புச் செய்தாய் என்று கேட்டாள். அவன் சிரித்தான், பொழுதுக்கும் சிரிக்கிற ஆள்.

"ஈர மண்ணு வாசம்தான் அடிக்குது. மம்பட்டி பட்ட வாசம் இல்ல" என்றாள் மாதம்மாள். "வெட்டுனதே இல்லைங்கண்ணா இது."

"வெட்டாம? மொளச்சுதா?"

"மொளச்சிருந்தா வேர் இருக்கணுமில்ல" என்றாள் அவள். பதில் சரியாகத்தான் இருந்தது, யாருக்கும் உதவவில்லை.

மேஸ்திரிக்கு ஒரு யோசனை வந்தது. விரல் தடம் இருக்கிறதே, வைத்துப் பார்த்தால் ஆள் அகப்பட்டுவிடும். ஒவ்வொருவராக வந்து கையை வைக்கச் சொன்னார். முதலில் கை வைத்தவள் குப்பாயி, சட்டி தூக்குகிறவர்களில் மூத்தவள். அவள் கை தடத்தில் அச்சாகப் பொருந்தியதும் கூட்டம் ஓ என்றது, குப்பாயி அழத் தயாரானாள். அடுத்து வைத்தவன் கையும் பொருந்தியது. பெரிய கையும் பொருந்தியது, சின்னக் கையும் பொருந்தியது, ஆறு விரல் உள்ள வாட்ச்மேன் வைத்தபோது ஆறாவது விரலுக்கும் இடம் இருந்தது. சத்தம் கேட்டு வந்த, எல்லோரும் தம்பி என்று கூப்பிடும் இளவயது சைட் இன்ஜினியர் விளையாட்டுக்கு வைத்தான், அவன் கையும் பொருந்த, வெள்ளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டான். கடைசியில் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து மேஸ்திரி தன் கையையும் வைத்துப் பார்த்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அன்றிலிருந்து அந்தக் குழியில் வேலை செய்த ஒவ்வொருவர் மேலும் ஒவ்வொருவருக்கும் சந்தேகம் இருந்தது. தன் மேலேயே சந்தேகப்பட்டவர்களும் உண்டு.

மாதம்மாள் மட்டும் கை வைக்கவில்லை. அவளுக்குச் சந்தேகம் வேறு மாதிரி இருந்தது.

அதுவரைக்கும் அவர்கள் குழிக்குள் போய்வந்த விதம் இதுதான்: இறங்க வேண்டுமானால் விளிம்பில் குந்தி, கீழே குவிந்து கிடக்கும் பொலபொலத்த மண்ணைக் குறிவைத்துக் குதிப்பது; ஏற வேண்டுமானால் சுவரில் கட்டைவிரல் பதியும் அளவுக்கு ஒரு பொத்துப் போட்டுக் காலை ஊன்றிக் கையைத் தூக்குவது, மேலே இருப்பவர் படுத்துக் கை கொடுத்து இழுப்பது. ஏணி இல்லாமல் இல்லை. அது கொத்தனார்களின் ஏணி. மண் வேலைக்காரன் சேற்றுக் காலை வைத்தால் கம்பு வழுக்கும் என்று அதைத் தொட விடமாட்டார்கள். வெட்டுகிறவன் வெட்டிக்கொண்டே இறங்குகிறவன்தானே, அவனுக்கு எதற்கு ஏணி என்பது கான்ட்ராக்டர் ஜெயசீலனின் கருத்து. நாளாவட்டத்தில் அது மேஸ்திரியின் கருத்தாகி, கடைசியில் குழிக்குள் நின்றவர்களின் கருத்தாகவும் ஆகிவிட்டது. விளிம்பு இடிந்து ஆளோடு விழுந்த கதைகள் அவர்களுக்குத் தெரியும். எல்லாம் வேறு யாருக்கோ நடந்த கதைகள், ஆகவே சோறு உண்ணும்போது சொல்லக்கூடியவை.

சென்றாயனை மேலே இழுத்தது எப்போதும் மாதம்மாளின் கைதான். அவர்களுக்குக் கல்யாணம் ஆனதே அந்தக் கையால்தான்: ஊரில் யாரோ ஒருவர் கிணற்றை ஆழப்படுத்தியபோது, உள்ளே மண் வெட்டிய சென்றாயன் கையைத் தூக்கினான், மேலே சட்டி வாங்க நின்ற பெண்களில் யார் குனிந்தார்கள் என்று பார்க்காமல் பற்றி ஏறினான், ஏறியபிறகு பார்த்தான், பார்த்தபிறகும் விடவில்லை. அவன் வலது மணிக்கட்டில் அவள் நாள்தோறும் பற்றிய இடம் காய்ப்புக் காய்த்துத் தடித்துப்போயிருந்தது. மற்றவர்கள் தாலியைச் சொல்வார்கள். மாதம்மாள் அந்தக் காய்ப்பைச் சொல்வாள்.

இப்போது படி வந்திருக்கிறது. படி இருந்தால் கை எதற்கு?

ஆனால் அதை அவள் அப்படிச் சொல்லவில்லை, தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. போன வருஷம் வேறொரு சைட்டில் எல்லோருக்கும் மஞ்சள் தொப்பி கொடுத்து வரிசையாக நிற்க வைத்து ஃபோட்டோ எடுத்து, பொழுது சாய்வதற்குள் எண்ணித் திரும்ப வாங்கிக்கொண்டதைத்தான் சொன்னாள். "நமக்குன்னு எவனாச்சும் ஒண்ணு குடுத்து அது அந்தியில நம்மகிட்டயே இருந்திருக்குதா? நம்ம கால் நோகக் கூடாதுன்னு படி வெட்டிக் குடுக்க இங்க யாரு நம்ம மாமனா மச்சானா?" என்று கேட்டாள். அப்படி ஒருவர் இருக்க முடியாது என்பதில் எல்லோருக்கும் ஒத்த கருத்து இருந்தது.

ஆனாலும் கால் பழகிக்கொண்டது. சும்மா ஒரு தடவை என்று ஒருவன் இறங்கினான், அவன் இறங்கினானே என்று இன்னொருத்தி ஏறினாள். குட்டையான காலுக்குப் படி குட்டையாக இருந்தது, நெட்டைக் காலுக்கு எட்டி இருந்தது, மூட்டுவலிக்காரி குப்பாயி கால் வைக்கும்போது படி கொஞ்சம் தாழ்ந்து கொடுத்தது என்று அவளே சத்தியம் செய்தாள். மண் சட்டியைக் கயிற்றில் கட்டி இழுத்தவர்கள் இப்போது தலையில் வைத்து நடந்தே ஏறினார்கள். மதியம் குப்பாயி அந்தப் படியிலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டாள். ஒரு வாரத்தில் படிகள் எல்லாக் காலமும் அங்கேயே இருந்தன போல ஆகிவிட்டன. யார் வெட்டியது என்ற சந்தேகம் மட்டும் வற்றவில்லை, ஏறும்போதும் இறங்கும்போதும் அதை ஒரு சட்டி மண்ணைப் போலத் தூக்கிக்கொண்டே போய்வந்தார்கள்.

மேலக்கரணை ஊர்க்காரர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு அவர்களுக்குள் முடிவு கட்டினார்கள்: இது ஏரிக்கரையில் துணி துவைத்த படித்துறையேதான், ஏரி திரும்பி வருகிறது, வருவதற்கு முன்னால் துறையைச் சரிசெய்து வைக்கிறது. ஒருத்தி அழுக்குத்துணி மூட்டையோடு வந்து, தண்ணீர் என்றைக்கு வரும் என்று வாட்ச்மேனைக் கேட்டாள். வீடு வாங்க முன்பணம் கட்டியிருந்தவர்கள் காதில் இது விழ, அவர்கள் கார்களில் வந்து இறங்கி மூக்கைச் சுளித்து மண்ணை உதைத்துப் பார்த்தார்கள். கான்ட்ராக்டர் ஜெயசீலனுக்கு ஊர்க்காரர்கள் மேல் சந்தேகம், பக்கத்து மனைக்காரர் மேல் சந்தேகம், சங்கம் வைக்கிறவர்கள் யாரோ தூண்டிவிட்டிருக்கிறார்கள் என்று மண் வேலைக்காரர்கள் மேல் எல்லாவற்றையும்விடப் பெரிய சந்தேகம்.

"இன்னிக்குப் படி கேட்பீங்க, நாளைக்குக் கைப்பிடி கேட்பீங்க, அப்புறம் லிஃப்ட்டு கேட்பீங்க" என்றார் அவர் மேஸ்திரியிடம்.

"நாங்க எதுவும் கேக்கலைங்க சார். அதுவா வந்துச்சுங்க."

"அதுவா வந்ததா. அப்ப அதுவா போகட்டும். சீவி விடுய்யா."

சீவினார்கள். மறுநாள் காலை படிகள் அதே இடத்தில், அதே விரல் தடத்தோடு இருந்தன. மறுபடி சீவினார்கள், மறுபடி இருந்தன. ஜெயசீலன் வாட்ச்மேனைக் காவல் வைத்தார், வாட்ச்மேனைக் கண்காணிக்க இன்ஜினியர் தம்பியை வைத்தார், இருவர் மேலும் சந்தேகம் வந்து கடைசியில் தானே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கண் மூடியதற்கும் திறந்ததற்கும் நடுவே படிகள் அங்கே இருந்தன என்று சொன்னபோது அவர் குரலில் பயம் இல்லை, ஏமாற்றப்பட்டவனின் எரிச்சல்தான் இருந்தது. சீவுவதற்குக் கூலி தர வேண்டியிருக்கிறது என்று கண்டுபிடித்ததும் அதை நிறுத்திவிட்டார்.

படியில் கால் வைக்காதது மாதம்மாளும் சென்றாயனும் மட்டும்தான். அவள் மண் வாங்கியதெல்லாம் மேற்கு விளிம்பில், கயிற்றில். அவன் ஏறியதும் மேற்குச் சுவரில், அவள் கையில். ஆனால் சென்றாயனின் கண் கிழக்கே போய்ப்போய் வருவதை அவள் பார்த்துவிட்டாள். ஒரு நாள் மதியம் கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டு அவன் மெல்லப் பேச்சை எடுத்தான்.

"எல்லாரும் ஏறி எறங்குறாங்க மாது. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல."

"ஆவாதவரைக்கும் ஒண்ணும் ஆவாது."

"ஒன் தோள்பட்ட நோவுதுன்னு நேத்துகூட எண்ண தேச்சுக்கிட்டியே. அதுக்குத்தான் சொல்றன்."

அதுதான் அவளைச் சுட்டது. தோள் நோவதை அவன் பார்த்திருக்கிறான். தன் கைக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துவிட்டான். "எறக்கி வுடத்தான் எல்லாரும் வழி பண்ணுவாங்கய்யா, ஏத்தி வுட எவன் பண்ணுவான்? நீ உள்ள நிக்கும்போது அந்தப் படி இல்லாமப் போனா? கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள வந்தது கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள போவாதா? எங்கையி அப்பிடிப் போவாது."

"ஏண்டி, படி என்னா பொம்பளையா? இப்பிடிப் பொசுங்குற?"

அவள் சிரிக்கவில்லை. அவன் கையை எடுத்துத் தன் உச்சந்தலையில் வைத்தாள். "எங்கையப் புடிக்காம குழிய வுட்டு ஏற மாட்டன்னு எம்மேல சத்தியம் பண்ணு."

சென்றாயன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு சத்தியம் செய்தான். அவன் செய்த சத்தியத்தை மீறினால் சாவது அவள் என்பதால், அவன் மீற மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். அன்று சாயங்காலம் அவனை மேலே இழுத்தபோது தோளில் சுரீரென்று வலித்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. பெய்து, விட்டு, பெய்து, மனைப்பிரிவின் கொடிகள் எல்லாம் நனைந்த துணியாகத் தொங்கின. நிரப்பிய மண் தன் அடியில் ஏரி இருந்ததை நினைத்துக்கொண்டது போல ஊறி உப்பியது. வேலை நின்றுகொண்டே இருந்ததில் ஜெயசீலன் நிலைகொள்ளாமல் தவித்தார். மழை விட்ட ஒரு காலையில், கான்கிரீட் வண்டி வருவதற்குள் அடியில் சரிந்து கிடக்கும் சேற்றை வாரி எடுத்துவிட வேண்டும் என்று மேஸ்திரியைப் பிடித்து உலுக்கினார், மேஸ்திரி ஆட்களை உலுக்கினார், எல்லோரும் இறங்கினார்கள்.

முதலில் கண்டது மாதம்மாள்தான். கீழே நின்றவர்களுக்கு அது தெரிய வழியில்லை. மேற்கு விளிம்பில் சட்டி வாங்கக் குனிந்தவளுக்குத் தன் குதிகாலுக்குப் பின்னால் தரையில் ஒரு கோடு தெரிந்தது. எறும்புச் சாரை என்று நினைத்தாள். எறும்பு ஓடுகிறதா என்று பார்த்தாள், அவள்தான் எதையும் இன்னொரு முறை பார்ப்பவளாயிற்றே, ஓடவில்லை. கோட்டுக்குள் விரலை விட்டாள். விரல் முழுக்கப் போனது.

"மண்ணு வுடுது. ஏறுங்க எல்லாரும்" என்று கத்தினாள்.

கிழக்கே படிகளில் எல்லோரும் ஏறினார்கள். ஒருவரை ஒருவர் தள்ளவில்லை, அதற்கு அவசியம் இல்லை, படிகள் அன்று அத்தனை பேருக்கும் இடம் விட்டு அகன்றிருந்தன என்று பிறகு சொன்னார்கள். குப்பாயி ஏறினாள், மேஸ்திரி ஏறினார், சட்டியும் மம்பட்டியும் அங்கங்கே கிடக்க குழி காலியானது. சென்றாயன் மட்டும் மேற்குச் சுவரடியில், வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று, வழக்கம்போல வலது கையைத் தூக்கினான்.

மாதம்மாள் படுத்துக் கையை நீட்டினாள். அவள் வயிற்றுக்குக் கீழே தரை மூச்சு விட்டதுபோல் அசைந்தது. சுவரிலிருந்து ஒரு கூடை அளவு மண் பெயர்ந்து அவன் காலருகே விழுந்தது. தன் பாரமே சுவரை அவன் மேல் சாய்க்கப்போகிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. கையை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"யோவ், அந்தப் பக்கம் போய்யா. படியில ஏறு."

அவன் அசையவில்லை. "கையக் குடு மாது."

"சத்தியமும் வேணாம் ஒண்ணும் வேணாம். நான்தான சொல்றன், ஏறு."

"ஒம்மேல பண்ணுனது. நான் ஏறிடுவன், நீ செத்துட்டீன்னா?" என்றான். சிரிக்காமல் அவன் பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த நேரத்தில் மாதம்மாளுக்குத் தன் மேல் வந்த கோபம், வாழ்நாளில் அவள் மற்றவர்கள் மேல் பட்ட சந்தேகம் அத்தனையையும் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது. எழுந்தாள். குழியின் விளிம்பை விட்டு விலகிச் சுற்றிக்கொண்டு ஓடினாள், தன்னை விட்டுவிட்டு எங்கே ஓடுகிறாள் என்று கீழே அவன் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான், பிடிக்க வந்த குப்பாயியின் கையை உதறினாள், கிழக்கே வந்து முதல் படியில், ஒரு நாளும் கால் வைக்காத படியில், காலை வைத்தாள். படி தாங்கியது. அவள் கால் அளவுக்கு, அவள் எட்டு வைக்கும் தூரத்துக்கு, அவளுக்காகவே காத்திருந்ததைப் போல ஒவ்வொரு படியும் காலுக்குக் கீழே வந்து நின்றது. அழுகை வந்தது, அதைத் துடைக்க அவள் நிற்கவில்லை. கடைசிப் படியில் நின்று கையை நீட்டினாள்.

"இந்தா கையி. வா, புடி."

சென்றாயன் சேற்றில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்து வந்தான், கையைப் பிடித்தான், அவள் முன்னும் அவன் பின்னுமாக, அவன் அவள் கையைத் தவிர வேறெதையும் பிடிக்காமல், சத்தியம் ஒரு துளியும் குறையாமல் ஏறினார்கள். மேலே வந்து அவர்கள் திரும்பியபோது மேற்குச் சுவர் முழுசாக, அவசரமில்லாமல், படுக்கப் போகிறவனைப் போலக் குழிக்குள் படுத்தது. அவன் நின்ற இடம் எது என்று பிறகு யாராலும் காட்ட முடியவில்லை.

செய்தி எப்படியோ வெளியே போய், ஆய்வு செய்ய ஓர் அதிகாரியம்மா வந்தார். அதற்குள் ஜெயசீலன் தயாராகிவிட்டார். தொழிலாளர் பாதுகாப்புக்காகத் தன் செலவில் வெட்டிவைத்த படிகள் என்று கிழக்குச் சுவரைக் காட்டினார், முதல் படியில் நின்று ஃபோட்டோவும் எடுத்துக்கொண்டார். விரல் தடம் எதற்கு என்று அதிகாரி கேட்டதற்கு, வழுக்காமல் இருக்க என்றார். அந்தத் தடத்தில் கை வைத்துப் பார்க்காத இரண்டே பேரில் ஒருவர் அவர்.

அதிகாரி மாதம்மாளைக் கூப்பிட்டார். "நீங்கதானேம்மா முதல்ல பார்த்தது? இந்தப் படியை யார் வெட்டினாங்க?"

ஜெயசீலன் மேஸ்திரியைப் பார்த்தார், மேஸ்திரி மாதம்மாளைப் பார்த்தார். மாதம்மாள் அதிகாரியை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் மேலும் அவளுக்குச் சந்தேகம்தான்.

"யாருன்னு தெரியலைங்க" என்றாள். "இவரு வெட்டல. அது மட்டும் தெரியும்."

மறுநாளே அவர்கள் கூட்டத்தைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். மூட்டைகளோடு கிளம்பும்போது மாதம்மாள் ஒருமுறை போய்ப் பார்த்தாள். ஃபோட்டோவுக்கு வேலை முடிந்துவிட்டதால் படிகளைச் சீவித் தள்ளியிருந்தார்கள், இந்தத் தடவை அவை திரும்பி வரவில்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டது என்றாள் குப்பாயி. எப்படியும் எடுத்துக்கொள்வார்கள் என்று முதல் நாளே சொன்னவள் மாதம்மாள். சொன்னது பலித்ததற்கு அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு தடவையாவது அந்தத் தடத்தில் கை வைத்துப் பார்த்திருக்கலாம் என்று மனசு அடித்துக்கொண்டது.

அடுத்த வேலை திருவள்ளூர் பக்கம் கிடைத்தது. செம்மண், வேறு கான்ட்ராக்டர், அதே மாதிரிக் குழி. காலையில் எல்லோரும் விளிம்பில் நின்று நான்கு சுவரையும் பார்த்தார்கள். செங்குத்தாக இருந்தது. கிழக்கைப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை.

"குதிங்க, நேரமாவுது" என்றார் மேஸ்திரி.

மாதம்மாள் விளிம்பிலிருந்து எட்டிப்போய், சட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"என்னாம்மா?"

"படி வரட்டும்ண்ணா."

"அது அந்த மண்ணு. ஏரி மண்ணு. இங்க எங்கிருந்து வரும்?"

"எங்கிருந்தாச்சும் வரட்டும். வந்தா எறங்குறம்."

குப்பாயி தன் சட்டியைக் கவிழ்த்தாள். அப்புறம் ஒவ்வொருவராகக் கவிழ்த்து உட்கார்ந்தார்கள். யாரும் கோஷம் போடவில்லை, முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்ளவும் இல்லை, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போல வெற்றிலையும் பேச்சுமாக உட்கார்ந்திருந்தார்கள். மேஸ்திரி கெஞ்சினார், திட்டினார், கான்ட்ராக்டரிடம் போனார், வந்தார். என்ன கேட்கிறார்கள் என்று கான்ட்ராக்டர் கேட்க, ஒன்றும் கேட்கவில்லை, காத்திருக்கிறார்கள் என்று மேஸ்திரி சொல்ல, இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று அந்தக் கான்ட்ராக்டருக்கும் சந்தேகம் வந்தது. வெயில் உச்சிக்கு ஏறி இறங்கத் தொடங்கியபோது, வேடியப்பன் மேஸ்திரி தானே கொத்தனார்கள் கொட்டகைக்குப் போனார். உள்ளே என்ன பேசினாரோ, அவர்களுடைய ஏணியைத் தன் தோளிலேயே தூக்கிக்கொண்டு வந்து குழிக்குள் இறக்கினார். "வந்துடுச்சும்மா" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

மாதம்மாள் ஏணியை ஆட்டிப் பார்த்தாள். முகர்ந்தாள். முளை அடித்து ஏணியின் மேல்முனையைக் கயிற்றால் அதில் தானே இறுக்கிக் கட்டினாள். முதல் ஆளாக இறங்கி, ஒவ்வொரு கம்பிலும் ஒருமுறை குதித்து, திரும்ப ஏறி வந்து, "ம், எறங்கு" என்றாள் சென்றாயனிடம்.

பொழுது சாய்ந்தபோது ஒரு கொத்தனார் ஏணியை எடுத்துப்போக வந்தார். "ஃபோட்டோ எடுத்தாச்சா?" என்று கேட்டாள் மாதம்மாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "இல்லன்னா இங்கியே இருக்கட்டும். ஆளு இன்னும் உள்ள இருக்குது" என்றாள், அவர் அவள் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு, காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று திரும்பிப் போனார். காலையிலும் அவர் வரவில்லை.

அந்தச் சாயங்காலம் கடைசி ஆளாகச் சென்றாயன் ஏறி வந்தான், இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு, சத்தியத்தை மறந்தவனைப் போல. அவனுடைய தலை விளிம்புக்கு மேலே வந்ததும் மாதம்மாள் குனிந்து கையை நீட்டினாள். இனி அதற்குத் தேவை இல்லை என்று அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் ஒரு கையை ஏணியிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்தான். அவள் எப்போதும் இழுக்கும் அதே பலத்தோடு இழுத்தாள், தோள் வலித்தது, அவன் தடுமாறி அவள் மேலேயே வந்து விழுந்தான்.

"எதுக்கடி இப்பிடி இழுக்குற? ஏணிதான் இருக்குதே."

"இருக்குது" என்றாள் மாதம்மாள், கையை விடாமல்.